மான் தலை மவுண்டில் கோளாறு: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மான் வேட்டையின் துப்பாக்கி சீசன் ஒன்பதே நாள். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கும். அந்த ஒன்பது நாளில் விழுந்த தலைகள் பாடம் செய்யப்பட்டு, மவுண்ட் என்ற பெயரில், மறு வருஷம் ஆடி, ஆவணி வாக்கில் ஒவ்வொன்றாகச் சுவருக்கு வரும். கூடவே எனக்கு போனும் வரும். "அண்ணா, காது ஓரம் பிரிஞ்சிருக்கு." "அண்ணா, முடி கொட்டுது." "அண்ணா, இது என் மானே இல்ல."

நான் பாடம் செய்பவன் இல்லை. பதினாறு வருஷமாக வேட்டைக்குப் போகிறேன். சுவரில் ஐந்து தலை இருக்கிறது, அதில் மூன்றுக்கு, பாடம் செய்த டாக்ஸிடெர்மிஸ்ட்டிடம் புகாரோடு போய் நின்றிருக்கிறேன். மற்றவர்களுக்குத் துணையாகப் போனது அதைவிட அதிகம். திரும்பத் திரும்ப ஒரே கோளாறுகள்தான் வருகின்றன என்பதால் எழுதி வைக்கிறேன். அநேகமாக எல்லாமே வெள்ளைவால் மானின் தோள்வரை மவுண்ட் பற்றியது. இந்தப் பக்கம் அதற்கு 600 முதல் 900 டாலர் வரை வாங்குகிறார்கள்.

இரண்டு சொல் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். கேப் என்றால் தொப்பியும் இல்லை, இடைவெளியும் இல்லை. தோளிலிருந்து மூக்கு நுனிவரை உரித்த தோல். ஃபார்ம் என்றால் அந்தத் தோலுக்குள் இருக்கும் நுரை அச்சு, கடையில் அளவு சொல்லி வாங்குவது. கண்ணும் கண்ணாடியில் செய்து வைத்ததுதான். ஆக, சுவரில் மாட்டியதில் உங்கள் மானுடையது என்று சொல்ல தோலும், கொம்பும், கொம்போடு வெட்டி எடுத்த மண்டையோட்டுத் துண்டும்தான்.

## எந்தக் கோளாறானாலும் முதலில்

கை வைக்காதீர்கள். என் முதல் மவுண்டில் இடது காதின் உள்தோல் தூக்கிக்கொண்டு நின்றது. ஹார்டுவேர் கடையில் சூப்பர் க்ளூ வாங்கி ஒட்டினேன். காய்ந்ததும் காதுக்குள் நத்தை போன தடம் மாதிரி ஒரு பளபளப்பு. செய்தவரிடம் கொண்டுபோனபோது அவர் காதைப் பார்க்கவில்லை, அந்தத் தடத்தைப் பார்த்தார். "இதுல என்ன போட்டீங்க?" என்றார். அதற்குமேல் பேச எனக்கு வாய் இல்லை.

பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். நேர் முன்னால், இரண்டு பக்கவாட்டு, பிறகு கோளாறு இருக்கும் இடம் பக்கத்தில் ஒரு குவார்ட்டர் நாணயத்தை வைத்து. பில்லைத் தேடி எடுங்கள். அதன் பின்பக்கப் பொடி எழுத்தையும் படியுங்கள். கேப் கெட்டுப்போனால் யார் பொறுப்பு, எத்தனை நாளில் வந்து எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

பிறகு இரண்டு தேதி குறியுங்கள்: மவுண்ட் வீட்டுக்கு வந்த நாள், கோளாறை முதலில் பார்த்த நாள். இரண்டுக்கும் நடுவில் எத்தனை மாதம் என்பதில்தான் பாதித் தீர்ப்பு இருக்கிறது. முதல் ஆறு மாதத்தில் வந்தது பெரும்பாலும் செய்தவர் கைக்கோளாறு. ஐந்து வருஷம் கழித்து வந்தது பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கோளாறு. வரும்போதே இருந்ததென்றால், செய்தவரைக் கேட்பதற்கு முன், தோலை நீங்கள் எந்த நிலையில் கொடுத்தீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

## முடி உதிர்கிறது

அதிகம் வரும் புகார் இது. தப்பாகப் பழி விழுவதும் இதில்தான். உதிர்ந்த முடி நான்கைந்தை வெள்ளைக் காகிதத்தில் போட்டு, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

### முடி பாதியில் உடைந்திருந்தால்

பாதி முடி தோலிலேயே நிற்கும், மொட்டை அடித்து நாலு நாள் ஆன தலை மாதிரி. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், தோள்பட்டையிலோ கழுத்தடியிலோ இருக்கும். மானைக் காட்டிலிருந்து வண்டிவரை இழுத்துக்கொண்டு வந்தது யார்? நீங்கள்தான். பனிக்கால மான் முடி உள்ளே துளை உள்ளது, சுள்ளி மாதிரி முறியும். கல்லிலும் கட்டையிலும் உரசினால் அவ்வளவுதான். வேட்டையன்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள், அதிலேயே தெரியும். இதற்கு யாரிடமும் போக வேண்டாம். அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி மாட்டுங்கள்.

### முடி நறுக்கினாற்போல் இருந்து, கீழே தூள் விழுந்தால்

பூச்சி. மவுண்டுக்கு நேர் கீழே தரையிலும் மரப்பலகை மேலும் பாருங்கள். மரத்தூள் மாதிரி பொடியும், அரிசி அளவில் மயிர் முளைத்த பழுப்புச் சட்டைகளும் கிடந்தால் தோல் தின்னும் வண்டின் புழு. வலை பின்னினாற்போல் இருந்தால் துணி அந்துப்பூச்சி. என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன். ஆனால் இன்றைக்கே மற்ற தலைகளிடமிருந்து இதைப் பிரித்து வையுங்கள்.

### வேரோடு, கொத்தாக, வழவழவென்று தோல் தெரிய வந்தால்

வேட்டைக்காரர்கள் ஸ்லிப் என்பார்கள். தோலில் கிருமி புகுந்து முடியின் பிடியைத் தளர்த்திவிட்டது. காதடி, கண்ணோரம், கொம்படி, கழுத்தின் அடிப்பாகம் இவைதான் வழக்கமான இடங்கள். தளர்ந்த முடியைத் திரும்ப நிற்கவைக்க வழி கிடையாது.

எளிதான காரணத்திலிருந்து வருவோம். சுட்ட நாள் வெயிலா? செப்டம்பரில் வில் சீசன் தொடங்கும்போது இங்கே 75, 80 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும். மதியம் விழுந்த மானை ராத்திரிவரை தோலோடு போட்டு வைத்தால் ஸ்லிப்புக்கு நாமே விதை போட்டாயிற்று. தலையைக் குப்பை போடும் பிளாஸ்டிக் பையில் கட்டி காரேஜில் இரண்டு நாள் வைத்ததும் அப்படியே. ஃப்ரீசருக்குள் ஈரத்தோடு உருட்டிப் போட்டால் வெளிப்புறம் உறையும், நடுவில் ஒரு நாள் முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும்.

இதெல்லாம் நீங்கள் செய்யவில்லை, சுட்ட அன்றே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள் என்றால் அடுத்த சந்தேகம் அவர் பக்கம். சீசன் வாரத்தில் ஒரே நாளில் முப்பது தலை வரும். சதை வழித்து உப்புப் போட இரண்டு நாள் தாமதித்தாலே போதும்.

ஆனால் நான் போய் நிற்கும்போது கேட்கிற கேள்வி வேறு. "டேனரியிலிருந்து தோல் வந்தபோதே இது தெரிஞ்சிருக்குமே, ஏன் ஒரு போன் பண்ணல?" டேனரி என்றால் தோலைப் பதப்படுத்தும் இடம். அங்கிருந்து வந்த தோலைக் கையில் எடுத்தவருக்கு ஸ்லிப் தெரியாமல் இருக்காது. நேர்மையான ஆள் அப்போதே கூப்பிடுவார், வேறு கேப் வாங்கிப் போடலாமா, பாதி விலையில் இதையே முடிக்கட்டுமா என்று கேட்பார். தெரிந்தும் பேசாமல் ஒட்டி, மேலே பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தால், தோல் கெட்டது உங்கள் தப்பாகவே இருந்தாலும் சொல்லாமல் விட்டது அவர் தப்பு. வழுக்கை விழுந்த இடத்தில் தோல் நிறம் இயற்கைக்கு மாறாக ஒரே சீராக இருந்தால், ஈரப் பஞ்சால் ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள். நிறம் பஞ்சில் ஒட்டினால் மறைத்திருக்கிறார் என்று அர்த்தம். இதையும் போட்டோ எடுங்கள்.

தீர்வு ஒன்றுதான்: புதுக் கேப். அதே அளவு மானின் பதப்படுத்தின கேப் நூறு, இருநூறு டாலருக்குக் கிடைக்கும். அதைப் போர்த்தும் கூலிதான் பெரிது. தப்பு இரண்டு பக்கமும் இருந்தால் நான் வழக்கமாகச் சொல்லும் கணக்கு, கேப் விலை நம்முடையது, கூலி அவருடையது. பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

## கண்ணோரம், மூக்கு, உதடு, காதில் விரிசல் அல்லது பிரிவு

ஒரு சோதனை. சுத்தமான விரலால் காதின் உள்குழியை மெதுவாக அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது. அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டால் தோலுக்கும் உள்ளே வைத்த பொருளுக்கும் நடுவே காற்று இருக்கிறது. டிரம்மிங் என்று அதற்குப் பெயர். கண்ணின் முன்மூலையில் இருக்கும் கண்ணீர்க்குழி, மூக்குத் துளையின் உள்விளிம்பு, உதடு மடங்கும் கோடு, எல்லா இடத்திலும் இப்படித் தொட்டுப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

### மயிரிழை விரிசல், பெயின்டில் மட்டும்

வீட்டின் ஈரப்பதத்தைப் பாருங்கள். பத்துப் பதினைந்து டாலருக்கு ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கி மவுண்ட் பக்கத்தில் ஒரு வாரம் மாட்டுங்கள். ஜனவரியில் என் வீட்டுக் கூடத்தில் 18 சதவீதம் காட்டியது. ஹீட்டர் ஓடும் வீட்டில் இது சகஜம். 40, 50-ல் இருக்க வேண்டிய தோல் 18-ல் சுருங்கும், கோடையில் திரும்ப விரியும். ஃபயர்பிளேஸுக்கு மேல் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். படத்தில் அழகு, தோலுக்கு அடுப்பு. இடத்தை மாற்றுங்கள், ஹ்யூமிடிஃபையர் போடுங்கள். விரிசலை நிரப்பி டச்சப் செய்ய ஐம்பது டாலருக்குள் ஆகும், பல பேர் காசே வாங்க மாட்டார்கள்.

### நூலை நுழைக்கலாம் போன்ற பிளவு, தோலே விலகி நிற்கிறது

வந்து ஒரு வருஷத்துக்குள் என்றால் செய்தவரிடம் பேச வேண்டியதுதான். முகத்துத் தோலை உள்பக்கமிருந்து போதுமான அளவு சீவி மெல்லியதாக்கவில்லை, பசை சரியாகப் பரவவில்லை, காயும்போது குண்டூசி குத்திப் பிடித்து வைக்கவில்லை, அல்லது டேன் செய்யாமல் உலர் பொடி தடவியே முடித்துவிட்டார். இந்தக் கடைசி ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்: "இது டேன் பண்ணதா, டிரை பிரிசர்வா?" டிரை பிரிசர்விலும் நல்ல வேலை செய்கிறவர்கள் உண்டு. ஆனால் பில்லில் டேன் என்று எழுதிக் காசு வாங்கிவிட்டு மாற்றியிருந்தால் அது வேறு பேச்சு.

போன வருஷம் மேடிசன் பக்கம் ஒரு தம்பிக்காகப் போனேன். எட்டு முனைக் கொம்பு, முதல் மான், வலது கண்ணின் கீழிமை கண்ணாடியை விட்டு அரை அங்குலம் இறங்கியிருந்தது. பார்த்தால் மான் அழுகிற மாதிரி இருக்கும். வண்டியில் வரும்போதே தம்பி கொதித்தான். "அண்ணா, நேரா காசக் கேட்டுடலாம்." நான் வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்தேன். செய்தவரின் பட்டறை அவர் வீட்டுக் காரேஜ்தான். உள்ளே பாதி முடிந்த ஒரு மான், காது இரண்டிலும் அட்டை மடித்துக் கிளிப் போட்டு, முகம் முழுக்கக் குண்டூசி. அறுபது வயது மனிதர். மவுண்டை மேஜைமேல் வைத்து, "இது போன மாசம்தான் பார்த்தோம், உங்களுக்கு என்ன தோணுது?" என்று மட்டும் கேட்டேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் கட்டை விரலால் இமையை அழுத்தினார். தோல் போய் ஒட்டியது, விரலை எடுத்ததும் திரும்பி வந்தது. மறுபடி அழுத்தினார். "இங்க களிமண் கம்மியா வச்சிட்டேன்," என்றார். "விட்டுட்டுப் போங்க, மூணு வாரம்." தம்பி என்னைப் பார்த்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

நாம் குற்றம் சாட்டியிருந்தால் அவர் ஹீட்டரைக் காட்டியிருப்பார். அவர் வாயால் காரணம் வரட்டும் என்று விடுவது எப்போதும் பலிக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் முதல் சந்திப்பில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சின்னப் பிளவுக்கு எபாக்ஸி நிரப்பி பெயின்ட் அடித்தால் போதும். முகம் முழுக்க நாலைந்து இடத்தில் டிரம்மிங் என்றால் நிரப்புவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றை அடைத்தால் அடுத்த பனிக்காலம் இன்னொன்று திறக்கும். அப்போது வேறொரு டாக்ஸிடெர்மிஸ்ட்டிடம் காட்டி, தோலை ஈரப்படுத்தி எடுத்துத் திரும்பப் போர்த்த முடியுமா, புதுக் கேப்தானா என்று எழுத்தில் வாங்குங்கள். மாநில டாக்ஸிடெர்மி சங்கத்தின் போட்டிகளில் கலந்துகொள்கிறவர் யாராவது இருந்தால் அவரே சரியான ஆள். போட்டி நடுவர்கள் டார்ச் அடித்து மூக்குத் துளைக்குள் பார்ப்பார்கள், அதற்குப் பழகின கண்.

## தையல் தெரிகிறது

பின்கழுத்தில் முடியை விலக்கினால் தையல் தெரியத்தான் செய்யும், அது கோளாறு இல்லை. விலக்காமலே நடையிலிருந்து தெரிந்தால், முதலில் நாய்க்குச் சீவுகிற சீப்பால் முடி போகும் திசையில் சீவிப் பாருங்கள், பாதிக்குமேல் இதிலேயே மறையும். கொம்புகளுக்கு நடுவே தையல் வாய் திறந்திருந்தால் அவரிடமே அனுப்புங்கள், சின்ன வேலை. தோல் போதாமல் இழுத்துத் தைத்தது போல் இருந்தால் ஃபார்ம் பெரிது.

இன்னொன்று உண்டு: மார்புப் பக்கம் ஒட்டுப் போட்டிருப்பார். அதற்குக் காரணம் உங்கள் கத்தி. கேப் வேண்டுமானால் முன்னங்காலுக்குப் பின்னால்தான் வெட்ட வேண்டும், தொண்டையை அறுக்கவே கூடாது. ஒட்டுப் போட்டுக் காப்பாற்றியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

## முகம் சரியில்லை

"என்ன சரியில்லை?" என்றால் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கும். முக்கால்வாசி அது கண்.

ஒரு ஸ்டூல் போட்டு மானின் கண் மட்டத்துக்கு ஏறி நேர் முன்னால் நில்லுங்கள். கீழிருந்து பார்த்தால் எல்லா மவுண்டும் திமிராகத்தான் தெரியும். மானின் பாவை, அதாவது கருவிழியின் நடுவில் இருக்கும் கறுப்பு, நம்முடையது போல் வட்டம் இல்லை, கிடைவாட்டில் நீண்டது. இரண்டு கண்ணிலும் அது ஒரே சாய்வில் இருக்கிறதா? இரண்டு கண்ணும் சமமாக வெளியே தள்ளியிருக்கிறதா? மேலிமை கருவிழியின்மேல் கொஞ்சம் இறங்கியிருக்கிறதா, இல்லை பேயைக் கண்டதுபோல் முழு வட்டமும் தெரிகிறதா? ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் கைக்கோளாறு, கேட்கலாம். திருத்த முடியும், ஆனால் கண்ணைச் சுற்றி மட்டும் ஈரப்படுத்திச் செய்யும் நுணுக்க வேலை, அவசரப்படுத்தக் கூடாது.

கழுத்து மெலிந்தோ பெருத்தோ தெரிந்தால் சுட்ட தேதியைப் பாருங்கள். நவம்பரில் இணைசேரும் காலம், கிடாயின் கழுத்து வீங்கிப் பீப்பாய் மாதிரி இருக்கும். செப்டம்பரில் சுட்ட அதே மானுக்கு அந்தக் கழுத்து கிடையாது. உங்கள் மனதில் இருப்பது கேலண்டர் மான். அளவு எடுத்தாரா என்று கேளுங்கள்: கண்ணின் முன்மூலையிலிருந்து மூக்கு நுனிவரை ஒன்று, காதுக்குப் பின்னால் கழுத்துச் சுற்றளவு ஒன்று. எழுதி வைத்திருந்து, ஃபார்ம் அளவும் அதற்கு ஒத்துவந்தால் பேச்சு முடிந்தது. எழுதவே இல்லை என்றால் கையில் இருந்த ஃபார்மைப் போட்டிருக்கிறார்.

தலை திரும்பும் பக்கம் தப்பு என்றால் பில்லைப் பாருங்கள். வாயால் சொன்னது எதுவும் பத்து மாதம் நிற்காது.

## இது என் மான்தானா?

நிதானமாகப் படியுங்கள், இதில் கோபத்தில் வார்த்தையை விட்டால் திரும்ப எடுக்க முடியாது.

### கொம்பு சின்னதாகிவிட்டது

சுருங்கியிருக்கும். புதுக் கொம்பில் ஈரம் உண்டு, காயக் காயக் கொஞ்சம் குறையும். அதனால்தான் கொம்புச் சாதனைகளைப் பதிவு செய்யும் பூன் அண்ட் கிராக்கெட் கிளப் கணக்கில் 60 நாள் காய்ந்த பிறகுதான் அளவே எடுப்பார்கள். வேட்டையன்று டேப் பிடித்த கணக்கை இன்றைக்கு ஒப்பிட்டு அரை அங்குலத்துக்குச் சண்டைக்குப் போகாதீர்கள். முனைகளின் எண்ணிக்கை, அடிப்பருக்கள், உடைந்த நுனி, கோணல் இவைதான் கைரேகை மாதிரி. போட்டோவோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

சாதனைப் பட்டியலுக்குப் போகிற அளவுக் கொம்பு என்றால் இன்னொன்றும் கேளுங்கள், மண்டையோட்டுத் துண்டை நடுவில் பிளந்தாரா என்று. பிளந்துவிட்டால் இரண்டு கொம்புக்கும் நடுவில் இருக்கும் அகலத்தை நம்ப முடியாது என்று அந்தக் கிளப் ஏற்பதில்லை. அதைப் பின்னால் சரிசெய்ய வழியே கிடையாது.

### தோல் வேறு

இதற்கு வாய்ப்பு அதிகம், அதில் எப்போதும் வஞ்சகம் இருக்காது. டேனரிக்கு நூறு தோல் ஒன்றாகப் போகிறது. அடையாளத்துக்குத் தோலின் ஓரத்தில் ஓட்டைக் குறி போடுவார்கள், இல்லாவிட்டால் எண் கட்டுவார்கள். அந்த எண் எது, பதிவேட்டில் காட்ட முடியுமா என்று கேளுங்கள். இங்கே டாக்ஸிடெர்மிஸ்ட்டுக்கு மாநில இயற்கை வளத் துறையின் பர்மிட் வேண்டும், யாரிடமிருந்து என்ன வந்தது என்ற பதிவும் வைத்திருக்க வேண்டும். தொண்டை வெள்ளையின் வடிவம், நெற்றிக் கருமை, காது நுனியின் கிழிசல், பழைய தழும்பு இவற்றை போட்டோவில் பாருங்கள். பதப்படுத்தியதில் நிறம் கொஞ்சம் மாறும், கிழிசல் மாறாது.

வேறு தோல்தான் என்று உறுதியானால் நேரிடையாகக் கேளுங்கள்: "கேப் மாத்தினீங்களா?" ஸ்லிப் ஆன தோலுக்கு மாற்றுப் போட்டிருப்பார், சொல்ல மறந்திருப்பார் அல்லது கூசியிருப்பார். சொல்லாமல் மாற்றியதற்குக் காசு குறைக்கச் சொல்வது நியாயம். கொம்பே வேறு என்றால் அது பேரம் பேசுகிற விஷயம் இல்லை. பட்டறையில் மற்ற கொம்புகளைக் காட்டச் சொல்லுங்கள், உங்களுடையது வேறொருவர் சுவரில் போயிருக்கலாம். மழுப்பினால் உங்கள் பகுதி வார்டனை, அதாவது வேட்டைச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியை, கூப்பிடுங்கள். மாநிலத்தின் வேட்டைப் பதிவு முறையான கேம்ரெஜ்ஜில் நீங்கள் பதிவு செய்த மான் அது, அவருக்கும் இது வேலைதான்.

## நாற்றம், பூச்சி, வெள்ளைப் பொடி

புது மவுண்டில் பசையும் பெயின்டும் கலந்த வாடை இரண்டு மூன்று வாரம் இருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். செத்த எலி நாற்றம் என்றால் கொம்படியில் மோந்து பாருங்கள், மண்டையோட்டில் சதை விட்டிருப்பார். திருப்பிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை, அவரும் மறுக்க மாட்டார்.

மூக்கிலும் கண்ணோரத்திலும் வெள்ளை பூத்தால் உப்பு முழுக்கக் கழுவப்படவில்லை. ஜூலைப் புழுக்கத்தில் அதே இடம் கசியும். ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். மூன்றாவது தடவையும் வந்தால் போன் செய்யுங்கள்.

பூச்சிக்கு, மவுண்டைப் பெரிய பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, பூஜ்ஜியம் ஃபாரன்ஹீட்டில் இருக்கும் பெட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். வீட்டு ஃப்ரீசரில் கொம்போடு தலை நுழையாது என்பதுதான் சங்கடம். இறைச்சிக் கடையிலோ டாக்ஸிடெர்மிஸ்ட்டிடமோ கேட்கலாம். யாரிடமிருந்து பூச்சி வந்தது என்பதற்கு ஒரு கேள்வி உதவும். மண்டையோட்டைச் சுத்தம் செய்ய இதே இன வண்டுகளைப் பட்டறைக்காரர்கள் சிலர் வளர்ப்பார்கள். "வண்டுப் பெட்டி எங்க வச்சிருக்கீங்க?" மவுண்ட் காயும் அறையிலேயே என்றால் புழு எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. தனிக் கொட்டகை என்றால் உங்கள் வீட்டுக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்.

பழைய சாமான் விற்பனையில் வாங்கின தலையா? அதை உதறாதீர்கள், சாதாரண வேக்குவம் போடாதீர்கள், பிள்ளைகள் தொடும் உயரத்தில் மாட்டாதீர்கள். இருபதாம் நூற்றாண்டிலும் வெகுநாள் ஆர்சனிக் தடவித்தான் பாடம் செய்தார்கள். எங்கள் கோத்தகிரிப் பக்கத்துப் பழைய பங்களாக்களில் தொங்கும் தலைகளும் அந்தக் காலத்துச் சரக்குதான். மைசூர் வான் இங்கன் பட்டறை 1999-ல் மூடிவிட்டது, அங்கிருந்து வந்த தலைக்கு இன்றைக்கு யாரிடம் புகார் சொல்வது? ஊரில் சித்தப்பா கேட்டபோது, தொடாதீர்கள், அதற்கு உரிமைச் சான்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்றுதான் சொன்னேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது இல்லாத தலை வீட்டில் இருப்பதே வில்லங்கம்.

வாத்து மவுண்டில் மஞ்சளாக எண்ணெய் கசிந்தால் கொழுப்பை வழிக்கவில்லை. வலசை போகும் பறவையை மற்றவர்களுக்காகப் பாடம் செய்ய மத்திய அரசின் பர்மிட் வேண்டும், அந்த எண்ணைக் கேட்ட உடனே சில பேர் குரல் மாறும்.

## மவுண்டே வரவில்லை, போனும் எடுக்கவில்லை

எட்டு மாதம் முதல் ஒரு வருஷம் சகஜம். டேனரி மட்டுமே சில மாதம் எடுத்துக்கொள்ளும், போர்த்திய பிறகு காய வாரங்கள் ஆகும். ஆறாவது மாதத்தில் "ரெடியா?" என்று கேட்டால் "சீக்கிரம்" என்றுதான் பதில் வரும், இரண்டுக்கும் அர்த்தம் கிடையாது. "என் தோல் இப்ப எங்க இருக்கு?" என்று கேளுங்கள். உப்பில், டேனரியில், திரும்பி வந்து ஃப்ரீசரில், ஃபார்மில், பெயின்டில் என்று ஏதாவது ஒரு படி சொல்லியாக வேண்டும். இரண்டு மாதம் கழித்தும் அதே படி சொன்னால் நேரில் போங்கள். சனிக்கிழமை காலை, கையில் டோனட்டோடு. கொம்பைக் காட்டச் சொல்லுங்கள். அது எப்போதும் பட்டறையில்தான் இருக்கும், டேனரிக்குப் போகாது. கொம்பு உடனே வந்தால் ஆள் தாமதக்காரர், அவ்வளவுதான். கொம்பைத் தேடினால் கவலைப்படுங்கள்.

ஒரு வருஷத்தைத் தாண்டி, போனும் இல்லை, கதவும் திறக்கவில்லை என்றால்:

முதலில் சர்ட்டிஃபைட் மெயிலில் ஒரு பக்கக் கடிதம். கொடுத்த தேதி, முன்பணம், சொன்ன தேதி, இத்தனை நாளுக்குள் முடித்த மவுண்டோ, கொம்பும் தோலும் முன்பணமுமோ வேண்டும் என்பது மட்டும். வசவு வேண்டாம், நீதிபதி படிக்கப் போகும் காகிதம் அது.

பிறகு மாநிலத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார். இலவசம், அவர்களே கடிதம் எழுதுவார்கள். பட்டறை மூடிவிட்டது, ஆளைக் காணோம் என்றால் வார்டனிடமும் சொல்லுங்கள்.

கடைசியாக, சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். விஸ்கான்சினில் 10,000 டாலர் வரை, வக்கீல் இல்லாமல் நீங்களே போகலாம். நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். வழக்குத் தேதிக்கு நாலு நாள் முன்னால் ராத்திரி என் வீட்டு வாசலில் கறுப்புப் பை ஒன்று இருந்தது. உள்ளே கொம்பும், உப்புப் போட்டு விறைத்த தோலும், ரப்பர் பேண்ட் போட்ட முன்பணமும். எண்ணிப் பார்த்தேன், இருபது டாலர் குறைந்தது. அதை விட்டுவிட்டேன்.

கூகுளில் ரிவ்யூ எழுதுவது இதெல்லாம் முடிந்த பிறகு. முன்னாலேயே எழுதிவிட்டு அவரிடமே ரிப்பேருக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். இன்றுவரை அவர் மான் டேனரியில்தான் இருக்கிறதாம்.